மேக்னெட் இக்னிஷன்: காயிலை மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது, இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, பாடியில் வைத்து இழுத்துப் பார்த்தால் பொறி இல்லை. உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: "மேக்னெட் போச்சு." கடைக்கு ஓடிப் புதுக் காயில் வாங்கி வந்து மாட்டினால், பத்தில் சில முறை ஓடும். மீதி முறை புதுக் காயிலும் சும்மாதான் இருக்கும். ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே வரிசையை வற்புறுத்துகிறது: பிளக், தொப்பி, நிறுத்தும் ஒயர், ஆயில், இடைவெளி, கீ, இத்தனையும் பார்த்த பிறகுதான் காயில். காயில்தான் இதில் விலை கூடியது. ஆனால் சுலபத்தில் கெடாததும் அதுதான்.

பேச எடுத்துக்கொண்டிருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ் 160 வகை நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். அதே அச்சில் வார்த்தவை பல பெயர்களில் பம்ப்செட், களையெடுக்கும் இயந்திரம், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், சிறு ஜெனரேட்டர் என்று எங்கும் ஓடுகின்றன. தரும் அளவுகள் இந்த இன்ஜினுக்கு உரியவை. உங்களுடையது வேறு என்றால் முறை இதுவேதான். எண்ணை மட்டும் உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் வைத்த பழைய இன்ஜின்களுக்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது.

பேட்டரி இல்லாமல் கரண்ட்

ஃப்ளைவீலின் விளிம்பில் காந்தம் பதித்திருக்கிறது. அதற்கு வெளியே, மயிரிழை தள்ளி, மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த இரண்டு கால்களோடு காயில் உட்கார்ந்திருக்கிறது. காயிலுக்குள் இரண்டு சுற்று: தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் ஒன்று, தலைமுடிபோல் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் இன்னொன்று. காந்தம் கால்களைக் கடக்கும்போது தடித்த சுற்றில் கரண்ட் பாய்கிறது. அது உச்சத்துக்கு வரும் நொடியில் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அதைத் துண்டிக்கிறது. அந்தத் திடீர்த் துண்டிப்பில் மெல்லிய சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எகிறி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. பழைய இன்ஜினில் துண்டிக்கும் வேலையைப் பாயிண்ட் செய்தது, வேறுபாடு அவ்வளவே.

யோசனை பழையது. ராபர்ட் போஷின் பட்டறை 1887இல் நிலை இன்ஜினுக்கு மேக்னெட்டோ செய்தது. 1902இல் அங்கே வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் பிளக்கையும் ஜோடி சேர்த்தார். இன்று வாய்க்கால் கரையில் ஓடும் பம்ப்செட்டில் இருப்பது அந்த ஜோடியின் பேரப்பிள்ளை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, வேகம். காந்தம் மெதுவாகக் கடந்தால் கரண்ட் பிறக்காது. கயிற்றைத் தயங்கித் தயங்கி இழுப்பவருக்கு நல்ல இன்ஜினும் ஸ்டார்ட் ஆகாது. முதலில் மெல்ல இழுத்து, கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் நிறுத்தி, கயிற்றைத் திரும்ப விட்டு, அப்புறம் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும்.

இரண்டு, நிறுத்தும் விதம். காரில் சாவியைத் திருப்பினால் காயிலுக்குப் போகும் மின்சாரம் அறுபடுகிறது, வண்டி நிற்கிறது. மேக்னெட் இன்ஜினில் நேர் எதிர். காயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயரைச் சுவிட்சு பாடியில் எர்த் செய்கிறது. கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒயர் அறுந்தால் இன்ஜின் நிற்காது. அது எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால் இன்ஜின் ஓடாது. காரோடு பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சிலர் "கரண்ட் வருதான்னு பாக்கலாம்" என்று அந்த ஒயரில் 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்துவிடுவார்கள். டிரான்சிஸ்டர் அந்த நொடியே கருகும். எந்தக் காரணத்துக்காகவும் மேக்னெட் காயிலுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள்.

கழற்றாமல் பார்க்க வேண்டியவை

பிளக்கில் தொடங்குங்கள். ஜிஎக்ஸ் 160க்கு என்ஜிகே பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. முனை இளம் பழுப்பில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. நனைந்திருந்தால் சோக்கைப் போட்டே இழுத்திருக்கிறீர்கள். துடைக்கப் பித்தளைப் பிரஷ் போதும். எமரி பேப்பரால் தேய்த்தால் அதன் பொடி பீங்கானில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சிலிண்டருக்குள்ளும் போகும். பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். அது வெளியே பொறி காட்டும், உள்ளே ஏமாற்றும்.

மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்குப் பிளக்தான் தீராத தலைவலி. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று நேரம் ஓட விட வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. மறந்தால் மறுநாள் கார்புரேட்டரில் தேங்கிய மண்ணெண்ணெய் பிளக்கை நனைக்கும், பழி மேக்னெட் மேல் விழும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் செய்ய மட்டும் சில துளி பெட்ரோல். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டியவரைக் கேட்டுப் பாருங்கள், பிளக் துடைப்பதைப் பற்றிப் பாடமே எடுப்பார்.

பொறியைச் சோதிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கழற்றிய பிளக்கையே சிலிண்டர் ஹெட்டில் வைத்து, பக்கத்தில் திறந்திருக்கும் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட, அங்கேயே பொறி பறக்க விடுவது ஆபத்து. உபரிப் பிளக் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்க முனையை நிமிர்த்தி இடைவெளியை 4 மி.மீ. அளவுக்கு விரித்து, உடலில் ஒரு முதலைக் கிளிப் மாட்டுங்கள். இன்ஜினின் சொந்தப் பிளக் அதன் துளையிலேயே இருக்கட்டும். சோதனைப் பிளக்கைத் தொப்பியில் செருகி, கிளிப்பை இன்ஜின் பாடியின் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் மாட்டி, நிழலான இடத்தில் கயிற்றை இழுங்கள். இவ்வளவு விரிந்த இடைவெளி எதற்கு என்றால், சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்றில் பொறி குதிப்பது வெளிக்காற்றில் குதிப்பதைவிடக் கடினம். வெளியே 0.7 மி.மீ. தாண்டும் கரண்ட் உள்ளே தாண்டும் என்று சொல்ல முடியாது. 4 மி.மீ. தாண்டி, நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு விழுந்தால் மேக்னெட்டில் குறையில்லை. கோளாறு பெட்ரோல் பக்கம். நீங்கள் தவறான அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும்: எர்த் படாமல் ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்காதீர்கள். வெளியேற வழியில்லாத கரண்ட் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும்.

பொறி இல்லையா? அப்போதும் காயிலைத் தொட வேண்டாம். காயிலிலிருந்து வரும் நிறுத்தும் ஒயரை, அது சேரும் இடத்தில் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். பொறி வந்துவிட்டால் காயில் குற்றமற்றது. சுவிட்சு, ஒயர், ஆயில் சென்சார் இந்த மூன்றில் ஒன்று எர்த் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் இன்ஜின் ஓட ஆரம்பித்தால் சுவிட்சால் நிற்காது. சோக்கை மூடியோ பெட்ரோல் குழாயை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். இழுப்பதற்கு முன்பே அதற்குத் தயாராக இருங்கள்.

ஆயில் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீணாக வாங்கப்படும் காயில்களில் பெரும்பங்கு இதன் கணக்கில்தான் சேரும். இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் கிராங்க் கேஸுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்தால் மிதவை இறங்கி, கரண்ட்டை எர்த் செய்து, இன்ஜினைக் காப்பாற்றுகிறது. ஓடும் இன்ஜின் பட்டென்று நிற்கும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் பொறி வராது. ஆயில் சரியாக இருந்தும் பம்ப்செட்டைக் கரைச் சரிவில் சாய்த்து வைத்தால் இதே கதைதான். சமதரையில் வைத்து, அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். மொத்தமே அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் இன்ஜின். இருநூறு மில்லி குறைந்தாலே பெரிய பங்கு போய்விட்டது. ஆயில் நிறைந்திருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், கிராங்க் கேஸிலிருந்து வெளியே வரும் மஞ்சள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் பொறி வந்தால் மிதவை சிக்கியிருக்கிறது. சிலர் அந்த ஒயரை நிரந்தரமாக வெட்டிவிடுகிறார்கள். ஒருநாள் ஆயில் இல்லாமல் ஓடிக் கனெக்டிங் ராடு முறியும்போது அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும்.

கவரைத் திறந்த பின்

நிறுத்தும் ஒயரைக் கழற்றியும் பொறி இல்லை என்றால் ஃப்ளைவீல் கவரைக் கழற்ற வேண்டியதுதான். முதலில் பிளக் தொப்பியை எடுத்துவிட்டு, பெட்ரோல் குழாயை அடையுங்கள். கயிற்றுப் பெட்டியும் கவரும் வந்த பிறகு ஸ்பானரைத் தூக்கிவிடாமல் கொஞ்சம் பாருங்கள். மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த இன்ஜினாக இருந்தால், காயிலுக்கும் ஃபின்களுக்கும் நடுவே குளவி மண்கூடு கட்டியிருக்கும். எலி பிளக் ஒயரைக் கடித்திருக்கும். கடித்த இடம் வெளிப்பார்வைக்குத் தெரியாமல் கிளாம்ப்புக்கு அடியிலேயே இருக்கும். காயிலின் கால்களிலும் ஃப்ளைவீல் காந்தத்தின் முகத்திலும் செந்துரு படிந்திருக்கும். கடலோர ஊர்களில் துரு ஒரு பருவத்திலேயே தடிக்கும்.

துருவை மெல்லிய எமரியால் இரண்டு பக்கமும் துடைத்து, பொடியைத் துணியால் ஒற்றி எடுங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புப் பொடி ஊதினால் போகாது. காயில் உட்காரும் இரண்டு தூண்களின் தலையையும் போல்ட்டின் அடியையும் பளபளவென்று சுரண்டுங்கள். காயில் தன் கரண்ட்டுக்கு எர்த்தை இந்த வழியாகத்தான் எடுக்கிறது. இன்ஜினைப் புதுப்பிக்கிறேன் என்று ஸ்பிரே பெயிண்ட் அடித்து மாட்டிய பிறகு "நேத்து வரைக்கும் ஓடிச்சுண்ணே" என்று கொண்டு வருவார்கள். தூணில் ஏறிய பெயிண்ட்தான் குற்றவாளி.

காந்தத்தின் பலத்தைச் சோதிக்க ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அலகு கீழே தொங்க, காந்தத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். அலகு தானாக இழுபட்டுப் போய் ஒட்டினால் காந்தம் நலம். ஃப்ளைவீல் காந்தம் சாதாரணமாகச் சாகாது. கீழே போட்டோ சுத்தியலால் அடித்தோதான் அதைக் கொல்கிறோம்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் காயிலை அளந்து பார்க்கலாம். ஜிஎக்ஸ் 160 வகையில் தடித்த சுற்று 1 ஓம்முக்கு அருகிலும், தொப்பியைக் கழற்றிய பின் பிளக் ஒயரின் நுனிக்கும் காலுக்கும் நடுவே 6 முதல் 7 கிலோ ஓம் வரையிலும் காட்ட வேண்டும். அளவு எல்லையற்றுப் போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. அளவு சரியாக இருந்தால் காயில் சரி என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். டிரான்சிஸ்டரின் உயிர் மீட்டருக்குத் தெரியாது. ஓடுகிற இன்னொரு இன்ஜினின் காயிலை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. தொப்பியையும் விடாதீர்கள். அது ஒயரில் மரைபோலத் திருகி நிற்பது. கழற்றி, ஒயரின் நுனியைக் கால் அங்குலம் வெட்டிப் புதுமுகம் காட்டித் திரும்பத் திருகினாலே பல இன்ஜின்கள் எழுந்துவிடும்.

காயிலைப் பொருத்துதல்

இந்த வகையில் காயில் ஃப்ளைவீலுக்கு வெளியே இருப்பதால் ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை. பழையதைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்: எந்த முகம் வெளியே, ஒயர் எந்தப் பள்ளத்தில் போகிறது, நிறுத்தும் ஒயர் எந்தப் பக்கம். காயிலைத் தலைகீழாக மாட்டினாலும் போல்ட் ஏறிவிடும். பொறி தவறான நேரத்தில் விழும் அல்லது விழவே விழாது.

இடைவெளி 0.4 மி.மீ. 0.2க்குக் குறையக் கூடாது, 0.6ஐத் தாண்டக் கூடாது. ஃபீலர் கேஜில் அளப்பதானால் பித்தளைத் தகடு வேண்டும். இரும்புத் தகட்டைக் காந்தம் கவ்விக்கொள்ளும். இழுக்கும்போது இறுக்கமாக இருப்பது இடைவெளியாலா காந்தத்தாலா என்று கை குழம்பும். பித்தளை இல்லாதவர்களுக்கு விசிட்டிங் கார்டு. சாதாரணக் கார்டு 0.3 மி.மீ. சொச்சம் இருக்கும், எல்லைக்குள் அழகாக விழும்.

ஃப்ளைவீலைத் திருப்பிக் காந்தத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். காயிலை உட்காரவைத்து, இரண்டு போல்ட்டையும் விரலால் ஏற்றி, காயிலை வெளியே இழுத்த நிலையில் ஒரு போல்ட்டை லேசாகப் பிடியுங்கள். இப்போது காந்தத்தைக் காயிலுக்கு அடியில் கொண்டுவந்து, நடுவில் கார்டை இரண்டு கால்களுக்கும் அடியில் போகும்படி செருகுங்கள். போல்ட்டைத் தளர்த்துங்கள். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். காந்தம் காயிலைத் தன்மேல் இழுத்துக் கார்டின்மேல் சப்பென்று உட்காரவைத்துவிடும். உங்கள் கையைவிடச் சீராக அளவு வைப்பது காந்தம்தான், அதன் வேலையில் குறுக்கிடாதீர்கள். அப்படியே இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். 10 நியூட்டன் மீட்டர் போதும். தூண் அலுமினியம், வீரம் காட்டினால் மரை கையோடு வரும். ஃப்ளைவீலைத் திருப்பினால் கார்டு தானாக வெளியே வந்துவிடும். பிறகு முழுச் சுற்று இரண்டு மூன்று முறை கையால் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இடைவெளி கூடினால் ஸ்டார்ட்டிங்கில் பொறி மெலியும். ஓடத் தொடங்கிவிட்டால் வேகம் அதை ஈடுகட்டிவிடும் என்பதால் "ஓடினா நல்லாத்தான் ஓடுது, காலைல எழுப்பத்தான் உயிர் போகுது" என்ற புகார் வரும். குறைந்தால் சூட்டில் ஃப்ளைவீல் காலில் உரசும். பழைய காயிலின் ஒரு காலில் மட்டும் பளபளப்பான உரசல் தெரிந்தால் புதுக் காயில் மாட்டுவதோடு நிற்காதீர்கள். ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒயர். அது வந்த பள்ளத்திலேயே திரும்பப் போக வேண்டும். ஃபின் பக்கம் துருத்தினால் ஒரே மணி நேரத்தில் தோல் உரியும்; சைலன்சர் பக்கம் சாய்ந்தால் உருகும்.

ஃப்ளைவீலும் கீயும்

நல்ல பொறி இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் இன்ஜின் ஓடவில்லை. இழுத்தால் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்குகிறது, சைலன்சரிலோ கார்புரேட்டரிலோ வெடிக்கிறது. இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் ஃப்ளைவீல் கீயைச் சந்தேகப்படுங்கள். பொறி விழும் நேரம் காந்தம் கடக்கும் நேரத்தில் இருக்கிறது. காந்தம் ஃப்ளைவீலில் இருக்கிறது. ஃப்ளைவீலைக் கிராங்க்கோடு நேர் வைப்பது அந்தக் கீ. அது அரை மி.மீ. கத்தரித்துக்கொண்டாலும் டைமிங் தடம் மாறும். களையெடுக்கும் இயந்திரம் கல்லிலோ வேரிலோ மோதிப் பட்டென்று நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃப்ளைவீலைக் கழற்றப் புல்லர் வேண்டும். நட்டை முழுதும் எடுத்துவிடாமல் கிராங்க் நுனிக்குச் சமமாக நிறுத்திக்கொண்டால் மரை பிழைக்கும். புல்லரின் கொக்கிகளை ஃபின்னில் மாட்டாதீர்கள், உடையும். ஃப்ளைவீல் சுற்றாமல் பிடிக்க ஃபின்னுக்குள் ஸ்குரூ டிரைவரை முட்டுக்கொடுப்பதும் அதே ரகம். பெல்ட் பிடிப்பான் பயன்படுத்துங்கள். கிராங்க் நுனியில் சுத்தியலால் அடித்துக் கழற்றும் வித்தையைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். பல தடவை பலிக்கும். பலிக்காத தடவை கிராங்க் வளையும்.

கீயை எடுத்து நகத்தால் அதன் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். படி தட்டினால் கத்தரித்திருக்கிறது. புதிது சில ரூபாய்தான். ஆணியை ராவிக் கீயாக்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஃப்ளைவீலைப் பிடித்துக்கொண்டிருப்பது கீ இல்லை. கிராங்க்கின் கூம்பும் ஃப்ளைவீலின் கூம்பும் ஒன்றையொன்று கவ்வும் இறுக்கம்தான் பிடிக்கிறது. கீ இடத்தைக் காட்டுவதோடு சரி. எனவே இரண்டு கூம்பையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்த நிலையில் சேர்க்க வேண்டும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று கிரீஸ் தடவுவது நல்லெண்ணம்தான், ஆனால் அது பிடியைத் தளர்த்திக் கீயைக் கத்தரிக்கும். நட்டின் இறுக்கம் 75 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கணக்கு இது: 30 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் 25 கிலோ எடை அழுத்தும் அளவு. சாமான் கடையில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிய கைக்கு அந்தப் பாரம் தெரியும்.

பாயிண்ட் வைத்த பழைய இன்ஜின்

வில்லியர்ஸ் போன்ற பழைய இன்ஜின்கள், பழைய மொபெட், ஸ்கூட்டர் இன்ஜின்கள் இன்னும் ஆங்காங்கே உயிரோடு இருக்கின்றன. அவற்றில் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் பெரும்பாலும் ஃப்ளைவீலுக்கு அடியில். பொறி இல்லையென்றால் முதலில் பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். ஆறு மாதம் ஓடாமல் கிடந்தாலே அதில் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். ஒரு கெட்டி அட்டைத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அநேக இன்ஜின்களுக்கு அதுவே முழு வைத்தியம். முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால், அல்லது ஓடும்போது பாயிண்ட்டில் பளிச்சென்று தீப்பொறி தெரிந்தால், கண்டன்சர் போய்விட்டது. பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்; இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேம் பாயிண்ட்டை முழுதாகத் தூக்கிய நிலையில் இடைவெளி பெரும்பாலான சிறு இன்ஜின்களில் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னேறும், குறைந்தால் பின்தங்கும். எனவே இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங்கைப் பார்க்க வேண்டும். பாயிண்ட்டின் நடுவே மெல்லிய தாள் ஒன்றைக் கவ்வவிட்டு, அதை இலேசாக இழுத்துப் பிடித்தபடி ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெல்லத் திருப்புங்கள். தாள் நழுவும் நொடியில் ஃப்ளைவீல் குறி பாடிக் குறியோடு சேர வேண்டும். கேமைத் தொடும் ஃபெல்ட் துண்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இரண்டாவது சொட்டு பாயிண்ட் முகத்துக்குத் தெறிக்கும்.

சூடானால் நிற்கும் இன்ஜின்

குளிர்ந்த நிலையில் முதல் இழுப்பில் எழுகிறது, அரை மணி ஓடுகிறது, நிற்கிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. இது காயிலின் உள் இன்சுலேஷன் சூட்டில் விட்டுக்கொடுப்பதன் அடையாளம். இதே அடையாளத்தை அச்சாகக் காட்டும் இன்னொரு கோளாறும் உண்டு: பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. நின்ற கையோடு, ஆற விடாமல், மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் இன்ஜின் எழுந்தால் ஊசியால் துளையைக் குத்திவிட்டு வேலையைப் பாருங்கள். மூடியைத் திறந்தும் எழவில்லை என்றால், மூடியை நன்றாக மூடிவிட்டு, சூட்டோடு சூடாகச் சோதனைப் பிளக்கை மாட்டி இழுங்கள். அப்போது பொறி இல்லாமல், ஆறிய பின் வந்தால் காயிலை மாற்றத்தான் வேண்டும். அதற்குப் பட்டறை வைத்தியம் கிடையாது.

ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. நூறு மணி ஓட்டத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைத் துடைத்து இடைவெளி பாருங்கள். முந்நூறு மணிக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பருவம் முடிந்து இன்ஜினை எடுத்து வைக்கும் முன் கவருக்குள் சேர்ந்த பதரையும் தூசியையும் பிரஷால் தள்ளி, கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் கயிற்றை நிறுத்தி வையுங்கள். வால்வுகள் மூடியிருந்தால் உள்ளே ஈரம் போகாது. தண்ணீரைப் பீச்சி இன்ஜினைக் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். புதுக் காயில் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், காலின் அகலத்தையும் போல்ட் துளைகளின் தூரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். 160க்கும் 390க்கும் காயில் ஒன்றல்ல.

எல்லாம் மாட்டி இன்ஜின் எழுந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். இன்னும் ஒன்று பாக்கி. ஓடும்போதே சுவிட்சை அணைத்துப் பாருங்கள். உடனே நின்றால் நிறுத்தும் ஒயர் சரியாக மாட்டப்பட்டிருக்கிறது. நிற்காவிட்டால் சோக்கை மூடி நிறுத்திவிட்டு, கவரை மறுபடி கழற்றுங்கள். சுவிட்சில் நிற்காத இன்ஜினை, அதுவும் கத்தி சுழலும் களையெடுக்கும் இயந்திரத்தை, எவ்வளவு அவசர வேலை இருந்தாலும் வயலில் இறக்காதீர்கள்.